லாரி டிரைவர் பஸ் ஓட்டலாமா? லாரியில் ஆள் ஏற்றலாமா?

கம்பெனி பஸ் டிரைவர் திடீரென்று ஊருக்குப் போய்விட்டார். இரவு ஷிப்டு முடிந்த தொழிலாளர்கள் கேட் அருகே காத்து நிற்கிறார்கள். "நீ பத்து சக்கர லாரியே ஓட்டுகிறவன். இன்று ஒரு நாள் இந்த பஸ்சை எடுத்துக்கொண்டு போய் எல்லோரையும் இறக்கிவிட்டு வா" என்று மேனேஜர் சொல்கிறார். லாரி டிரைவர் தயங்குகிறார். "நம்மிடம் இருப்பது லாரி லைசென்சு ஆயிற்றே, போலீஸ் பிடித்தால்?" என்பது அவர் பயம்.

இன்னொரு காட்சி. தாராவியில் இருந்து கல்யாணில் நடக்கும் ஒரு நிச்சயதார்த்தத்துக்கு 25 பேர் போக வேண்டும். சொந்தக்காரர் ஒருவரிடம் சரக்கு டெம்போ இருக்கிறது. "அண்ணே, பின்னால் பாயை விரித்து உட்கார்ந்து கொள்கிறோம். டீசல் காசு தந்துவிடுகிறோம்" என்கிறார்கள். அவரும் சரி என்று வண்டியைக் கிளப்புகிறார். இங்கே யாருக்கும் தயக்கம் இல்லை.

சட்டத்தைப் பார்த்தால் நிலைமை நேர்மாறாக இருக்கிறது. தயங்கிய லாரி டிரைவருக்குப் பெரும்பாலும் பஸ் ஓட்டும் தகுதி உண்டு. தயங்காமல் ஆள் ஏற்றிய டெம்போக்காரர்தான் ஆபத்தில் இருக்கிறார். அவரைவிட, பின்னால் பாயில் உட்கார்ந்திருப்பவர்கள் பெரிய ஆபத்தில் இருக்கிறார்கள்.

மும்பை, தானே, பிவண்டி, நவி மும்பைப் பகுதிகளில் லாரி, டெம்போ, கம்பெனி பஸ் ஆகியவற்றை நம்பி வாழும் தமிழர்கள் ஏராளம். ஓட்டுகிறவர்கள் ஒரு பக்கம். அந்த வண்டிகளுக்கு டியூட்டி போட்டு டிரிப் ஷீட் எழுதும் கிளார்க்குகள் இன்னொரு பக்கம். இரு தரப்பாரும் இதைத் தெரிந்து வைத்திருப்பது அவசியம்.

ஒரே வகுப்பாகிவிட்டது

பழைய 1939-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்துக்குப் பதிலாக, 1988-ம் ஆண்டுச் சட்டம் 1989 ஜூலை 1-ந் தேதி அமலுக்கு வந்தது. அந்தச் சட்டத்தின் 10-வது பிரிவு, என்னென்ன வகை வண்டிகளுக்கு லைசென்சு வழங்கலாம் என்று சொல்கிறது. தொடக்கத்தில் அதில் நடுத்தர சரக்கு வண்டி, நடுத்தர பயணிகள் வண்டி, கனரக சரக்கு வண்டி, கனரக பயணிகள் வண்டி என்று நான்கு வகுப்புகள் தனித்தனியாக இருந்தன. கனரக சரக்கு வண்டி என்று எழுதிய லைசென்சை வைத்துக்கொண்டு பஸ் ஓட்டினால், அது லைசென்சு இல்லாமல் ஓட்டியதாகவே கருதப்படும். "லாரி லைசென்சு வேறு, பஸ் லைசென்சு வேறு" என்று மூத்த டிரைவர்கள் இன்றும் சொல்வது அந்தக் காலத்து ஞாபகம்தான்.

1994 நவம்பர் 14-ந் தேதி ஒரு திருத்தம் அமலுக்கு வந்தது. அந்த நான்கு வகுப்புகளையும் நீக்கிவிட்டு "போக்குவரத்து வாகனம்" என்ற ஒரே வகுப்பை வைத்தார்கள். போக்குவரத்து வாகனம் என்றால் என்ன என்பதற்கும் சட்டமே விளக்கம் தருகிறது. சரக்கு வண்டி, பொதுமக்களை ஏற்றும் வண்டி, கல்வி நிலைய பஸ், கம்பெனி தன் ஆட்களை ஏற்றிச் செல்ல வைத்திருக்கும் சொந்த பஸ் ஆகிய எல்லாம் அதில் அடக்கம்.

ஆகவே, இன்று கனரகப் போக்குவரத்து வாகனத்துக்கு முறையாக லைசென்சு பெற்ற லாரி டிரைவர், லைசென்சைப் பொறுத்தவரை பஸ் ஓட்டத் தகுதி உள்ளவர். மத்தியச் சட்டம் அவரை லாரியோடு மட்டும் கட்டிப் போடவில்லை.

ஆனால், சட்டப் புத்தகத்தில் உள்ளது ஒன்று, கையில் உள்ள அட்டையில் அச்சாகியிருப்பது இன்னொன்று என்ற நிலைமையும் இருக்கிறது. சில மாநில அட்டைகளில் இன்னும் சரக்குக்கு ஒரு சுருக்கெழுத்து, பயணிகளுக்கு ஒரு சுருக்கெழுத்து என்று தனித்தனியாகவே காணப்படுகிறது. விபத்து நடந்த பிறகு இன்சூரன்சு கம்பெனியின் வக்கீல் கையில் எடுக்கப்போவது அந்த அட்டையைத்தான். ஒரு நாள் அவசரத்துக்கு இல்லாமல், பஸ் வேலைக்கே மாறப்போகிறவர்கள், லைசென்சில் கூடுதல் வகுப்பு சேர்க்க மனு செய்து பயணிகள் வண்டியையும் தெளிவாகப் பதிவு செய்துகொள்வதே நல்லது. 11-வது பிரிவு அதற்கு வழி செய்கிறது.

பள்ளிக்கூட பஸ் என்றால் இன்னும் கவனம் வேண்டும். 1997-ல் டெல்லி சம்பந்தப்பட்ட வழக்கில், கல்வி நிலைய பஸ் ஓட்டுகிறவருக்குக் குறைந்தது 5 ஆண்டு கனரக வாகன அனுபவம் வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட்டு உத்தரவிட்டது. இத்தகைய வேலைக்குப் போகிறவர்கள் தங்கள் மாநிலத்தில் உள்ள நிபந்தனையை முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

7,500 கிலோ கணக்கு

சிறிய வண்டி ஓட்டுகிறவர்கள் கதை வேறு. கார் லைசென்சு எனப்படும் இலகுரக வாகன லைசென்சு வைத்திருப்பவர் வாடகை வேன், டெம்போ, மினி பஸ் ஓட்டலாமா என்ற கேள்விக்காக இந்த நாட்டுக் கோர்ட்டுகள் 20 ஆண்டுகளுக்கு மேல் மண்டையை உடைத்துக்கொண்டன. சட்டத்தின் 2-வது பிரிவு, மொத்த எடை 7,500 கிலோவுக்கு மேற்படாத போக்குவரத்து வாகனமும் இலகுரக வாகனமே என்று சொல்கிறது. 3-வது பிரிவோ, போக்குவரத்து வாகனம் ஓட்ட லைசென்சில் தனி அனுமதி இருக்க வேண்டும் என்கிறது. இரண்டையும் எப்படிச் சேர்த்துப் படிப்பது?

இந்த ஓட்டை வழியாகத்தான் இன்சூரன்சு கம்பெனிகள் நுழைந்தன. சிறு டெம்போ மோதி ஒருவர் இறந்தால், "டிரைவரிடம் இருந்தது கார் லைசென்சு. போக்குவரத்து என்ற குறிப்பு அதில் இல்லை. ஆகவே நஷ்டஈடு தருவது எங்கள் பொறுப்பு அல்ல" என்று வாதாடின. பாதிக்கப்பட்ட குடும்பம் ஒவ்வொரு கோர்ட்டாக அலைந்தது.

2017-ம் ஆண்டு முகுந்த் தேவாங்கன் வழக்கில் மூன்று நீதிபதிகள் கொண்ட சுப்ரீம் கோர்ட்டு பெஞ்சு, தனிக் குறிப்பு வேண்டியதில்லை என்று கூறியது. அதிலும் சந்தேகம் கிளப்பப்பட்டு, விஷயம் ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன பெஞ்சுக்குப் போயிற்று. 2024 நவம்பர் 6-ந் தேதி, பஜாஜ் அலையன்ஸ் கம்பெனிக்கும் ரம்பா தேவிக்கும் இடையிலான வழக்கில் அந்த பெஞ்சு தீர்ப்பு அளித்தது. அப்போதைய தலைமை நீதிபதி டி.ஒய்.சந்திரசூட் தலைமையிலான பெஞ்சுக்காக நீதிபதி ரிஷிகேஷ் ராய் தீர்ப்பை எழுதினார். ஐந்து பேரும் ஒரே முடிவு.

இலகுரக வாகன லைசென்சு உள்ளவர், 7,500 கிலோவுக்கு உட்பட்ட போக்குவரத்து வாகனத்தைத் தனிக் குறிப்பு இல்லாமலேயே ஓட்டலாம். போக்குவரத்து வாகனத்துக்கு என்று சட்டத்தில் உள்ள கூடுதல் தகுதிகள், அந்த எடைக்கு மேற்பட்ட நடுத்தர, கனரக வண்டிகளுக்கே பொருந்தும். கார் லைசென்சு வைத்திருப்பவர்கள் இப்படி ஓட்டுவதால் விபத்து அதிகரிக்கிறது என்று காட்ட எந்தப் புள்ளிவிவரமும் கோர்ட்டு முன்பு வைக்கப்படவில்லை என்பதையும் நீதிபதிகள் எடுத்துக் கூறினார்கள்.

இதனால் டாக்சி, 12 பயணிகள் வரை ஏற்றும் மேக்சி கேப், டெம்போ டிராவலர் போன்றவற்றில் பெரும்பாலானவை கார் லைசென்சுக்குள் வந்துவிடுகின்றன. பெரிய பஸ் அப்படி அல்ல. 40, 50 பேர் உட்காரும் பஸ்சின் மொத்த எடை இந்த வரம்பைவிட மிக அதிகம். அதற்குக் கனரகப் போக்குவரத்து லைசென்சு கட்டாயம். நடுவில் இருக்கும் மினி பஸ்களில்தான் ஏமாற வாய்ப்பு உண்டு. பார்வைக்குச் சிறிதாக இருக்கும் சில வண்டிகளின் மொத்த எடை 7,500-ஐத் தாண்டிவிடும். கண்ணால் மதிப்புப் போடாமல் ஆர்.சி. புத்தகத்தைப் பார்க்க வேண்டும். பார்க்க வேண்டியது வெறும் வண்டியின் எடை அல்ல. ஆளும் சுமையும் சேர்ந்த மொத்த எடை.

நம் ஊர் லைசென்சு இங்கே செல்லுமா என்று சிலர் இன்னும் கேட்கிறார்கள். செல்லும். நாமக்கல்லில் எடுத்தாலும் நெல்லையில் எடுத்தாலும், லைசென்சு இந்தியா முழுவதும் செல்லும் என்று 13-வது பிரிவு தெளிவாகச் சொல்கிறது. "மகாராஷ்டிரா லைசென்சு இருந்தால்தான் வேலை" என்று ஏஜெண்டு சொன்னால் அது அவருடைய கமிஷனுக்கான சட்டம். ஆனால் பாட்ஜ் விஷயம் தனி. டிரைவர்களுக்கு பாட்ஜ், சீருடை பற்றி விதி செய்ய 28-வது பிரிவு மாநில அரசுகளுக்கு அதிகாரம் கொடுத்திருக்கிறது. ஆட்டோ, டாக்சி ஓட்ட நினைப்பவர்கள் அந்தந்த ஊர் ஆர்.டி.ஓ. ஆபீசில் இதைக் கேட்டுக்கொள்ள வேண்டும். கனரகப் போக்குவரத்து லைசென்சு இப்போது 5 ஆண்டுக்கு ஒரு முறை புதுப்பிக்கப்படுகிறது. 2019 திருத்தத்துக்கு முன்பு அது 3 ஆண்டாக இருந்தது. ஊருக்குப் போயிருக்கும்போது தேதி முடிந்ததைக் கவனிக்காமல் வண்டி எடுக்கிறவர்கள் நம்மில் பலர்.

லைசென்சு சரி, வண்டி சரியா?

இனி டெம்போவுக்கு வருவோம். கல்யாணுக்கு 25 பேரை ஏற்றிச் சென்றவரிடம் செல்லுபடியாகும் லைசென்சு இருக்கிறது. அவர் பஸ் ஓட்டும் தகுதிகூட உள்ளவராக இருக்கலாம். இருந்தும் அவர் செய்தது தவறு. ஏனென்றால் லைசென்சு ஆளுக்குக் கொடுக்கப்படுவது. பர்மிட் வண்டிக்குக் கொடுக்கப்படுவது. சரக்கு ஏற்ற பர்மிட் பெற்ற வண்டி, எவ்வளவு திறமையான டிரைவர் கையில் இருந்தாலும் சரக்கு வண்டிதான்.

66-வது பிரிவின்படி, பர்மிட்டில் சொன்ன காரியத்துக்கு மட்டுமே போக்குவரத்து வண்டியைப் பயன்படுத்தலாம். மீறினால் 192-ஏ பிரிவு வருகிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு முதல் குற்றத்துக்கே 6 மாதம் வரை சிறை, 10 ஆயிரம் ரூபாய் அபராதம் என்று எழுதப்பட்டுள்ளது. வண்டியை அனுப்பிய முதலாளி மட்டும் அல்ல, ஓட்டியவரும் அதில் மாட்டுவார். சரக்கு வண்டியின் முன் கேபினில் சரக்குக்காரர், வேலையாள் என்று குறிப்பிட்ட சிலரை ஏற்ற மாநில விதிகள் இடம் தருகின்றன. பின்னால் கல்யாணக் கூட்டத்தை ஏற்ற அல்ல.

அபராதத்தைக் கட்டிவிட்டு மறந்துவிடலாம். மறக்க முடியாதது இன்சூரன்சு.

சரக்கு வண்டியில் இலவசமாக ஏறிச் சென்றவர் விபத்தில் இறந்தால் கம்பெனி பணம் தர வேண்டுமா? 1999-ல் சத்பால் சிங் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு, தர வேண்டும் என்றது. அந்த ஆறுதல் நீடிக்கவில்லை. 2002 டிசம்பரில் ஆஷா ராணி வழக்கில் மூன்று நீதிபதிகள் பெஞ்சு அந்த முடிவை மாற்றியது. 1994 திருத்தம் சரக்கின் சொந்தக்காரரையும் அவருடைய பிரதிநிதியையும் மட்டுமே இன்சூரன்சுக்குள் கொண்டு வந்தது. சரக்கு வண்டியில் ஏறிய மற்ற பயணிகளுக்கு அது பொருந்தாது என்று கூறிவிட்டது. பணம் கொடுத்து லாரியில் ஏறியவர்கள் விஷயத்திலும் கோர்ட்டுகள் இதே போக்கில்தான் தீர்ப்புக் கூறி வந்திருக்கின்றன. இப்போது சட்டத்திலேயே இதை எழுதிவிட்டார்கள். 2019-ல் நிறைவேறி 2022 ஏப்ரலில் அமலுக்கு வந்த புதிய 147-வது பிரிவு, போக்குவரத்து வாகனத்தின் பயணிகளுக்குக் கட்டாய இன்சூரன்சு உண்டு என்று சொல்லிவிட்டு, சரக்கு வண்டியில் இலவசமாகச் செல்கிறவர்களை விலக்கி வைக்கிறது.

இதன் பொருள் என்ன? அதே விபத்தில் சாலை ஓரம் நடந்து போனவர் அடிபட்டால் அவருக்கு இன்சூரன்சு பணம் உண்டு. டெம்போவின் பின்னால் உட்கார்ந்திருந்த மாப்பிள்ளையின் சித்தப்பா இறந்தால், அவர் குடும்பத்துக்குக் கம்பெனியிடம் கேட்கும் உரிமை இல்லாமல் போகக்கூடும். வழக்குப் போட்டால் அது வண்டிக்காரர் மீதும் டிரைவர் மீதும்தான் விழும். வண்டிக்காரர் யார்? உதவி செய்த அதே சொந்தக்காரர். கடன் வாங்கி வாங்கிய டெம்போவைத் தவிர அவரிடம் என்ன இருக்கிறது? கோர்ட்டு லட்சக்கணக்கில் நஷ்டஈடு என்று தீர்ப்பு எழுதினாலும் அந்தப் பணம் எங்கிருந்து வரும்? சாவு ஒரு வீட்டில், ஜப்தி இன்னொரு வீட்டில், இரண்டு வீடும் உறவு என்று ஆகிவிடும்.

கல்யாணக் கூட்டத்தைவிட அதிகம் கவலைப்பட வேண்டியது தினக் கூலிகளைப் பற்றி. காலையில் நாக்காவில் நின்று வேலை பிடிக்கிறவர்களை காண்டிராக்டர் டெம்போவில் ஏற்றிக் கட்டட வேலைக்குக் கொண்டு போகிறார். மாலையில் சிமெண்டு மூட்டை, கம்பி, ஜல்லியோடு அவர்களையும் திருப்பி அனுப்புகிறார். பஸ் கட்டணம் மிச்சம் என்று ஏறுகிறவர்கள், அந்த வண்டியில் தங்கள் பெயருக்கு ஒரு பாதுகாப்பும் இல்லை என்பதை அறியமாட்டார்கள். வேலையின்போது விபத்து நேர்ந்தால் முதலாளி இழப்பீடு தர வேண்டும் என்ற சட்டம் 1923-லேயே நம் நாட்டில் வந்துவிட்டது உண்மைதான். அந்தப் பொறுப்பு இன்றும் முதலாளிக்கு உண்டு. ஆனால் அதைக் கேட்க, இவர் அந்த காண்டிராக்டரின் வேலையாள் என்று நிரூபிக்க வேண்டும். மஸ்டர் ரோலில் பெயர் இல்லாத கூலி எதைக் காட்டி நிரூபிப்பார்? ஒரு வாரச் சம்பளச் சீட்டு, அடையாள அட்டை, செல்போனில் வந்த பணப் பட்டுவாடா எதுவானாலும் பத்திரப்படுத்தி வைக்கட்டும்.

இந்தியாவில் 2022-ம் ஆண்டு சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர் என்று மத்திய போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கை கூறுகிறது. ஒரு நாளைக்கு 460 பேருக்கு மேல். "நமக்கு வராது" என்று சொல்லக்கூடிய எண்ணிக்கை அல்ல இது.

மேஜைக்குப் பின்னால் இருப்பவர்களுக்கு

கிளார்க்குகளுக்கு ஒரு வார்த்தை. லைசென்சு இல்லாதவரிடம் வண்டியைக் கொடுக்கக்கூடாது என்று சொல்லும் 5-வது பிரிவு, முதலாளியை மட்டும் குறிப்பிடவில்லை. "வண்டியின் பொறுப்பில் இருப்பவர்" என்றும் சேர்த்துச் சொல்கிறது. 180-வது பிரிவின்படி அதற்கு 3 மாதம் வரை சிறை, அல்லது 5 ஆயிரம் ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். டிரான்ஸ்போர்ட் செக்‌ஷனில் உட்கார்ந்து, "மேனேஜர் போனில் சொன்னார், நான் டியூட்டி போட்டேன்" என்று சொல்கிறவர், அந்த "பொறுப்பில் இருப்பவர்" என்ற வார்த்தைக்குள் தன்னை இழுத்துவிட முடியும் என்பதை மறந்துவிடக்கூடாது. மேனேஜர் போனில் சொன்னதற்குச் சாட்சி இல்லை. டிரிப் ஷீட்டில் இருப்பது கிளார்க்கின் கையெழுத்து.

முதலில் சொன்ன கம்பெனி பஸ்சுக்கே வருவோம். லாரி டிரைவரை அனுப்புவதற்கு முன்பு கிளார்க் ஐந்து நிமிடம் செலவழித்து லைசென்சில் உள்ள வகுப்பையும் முடியும் தேதியையும், ஆர்.சி.யில் உள்ள மொத்த எடையையும் சீட் எண்ணிக்கையையும், பர்மிட்டையும், பாலிசியையும் பார்க்க வேண்டும். நான்கும் ஒத்துப்போனால் அந்த லாரி டிரைவர் தாராளமாக பஸ்சை எடுக்கலாம். ஒரு காகிதம் ஒத்துப்போகாவிட்டாலும், தொழிலாளர்கள் ஒரு மணி நேரம் காத்திருந்து வாடகை வண்டியில் போவதே மேல்.

லைசென்சுக் குறை இருந்தாலும் கம்பெனி பாதிக்கப்பட்டவருக்கு முதலில் கொடுத்துவிட்டு முதலாளியிடம் வசூல் செய்துகொள்ளும் என்று பலர் தைரியமாக இருக்கிறார்கள். 2004-ல் சுவரண் சிங் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு அந்த வழியைக் காட்டியது. ஆனால் அந்த ஏற்பாடும் பாதிக்கப்பட்டவரைக் காப்பாற்றத்தானே தவிர, முதலாளியைக் காப்பாற்ற அல்ல. தவிர, அந்தத் தீர்ப்புக்கு அடிப்படையாக இருந்த பிரிவுகள் 2019 திருத்தத்தில் மாற்றி எழுதப்பட்டுவிட்டன. பழைய தீர்ப்பை நம்பி புதிய வண்டியை ரோட்டில் விடுவது புத்திசாலித்தனம் ஆகாது.

இவ்வளவும் படித்த பிறகு ஒரு நல்ல டிரைவருக்கு ஒரு சந்தேகம் வரும். நள்ளிரவு. புனே ரோட்டில் அடிபட்டுக் கிடப்பவரை, அல்லது பிரசவ வேதனையில் துடிக்கும் பெண்ணை, என் லாரியில் ஏற்றினால் அதுவும் குற்றமா?

இல்லை. இந்த இடத்தில் சட்டம் ஈவு இரக்கத்தோடு எழுதப்பட்டிருக்கிறது. பர்மிட் மீறலுக்குத் தண்டனை சொல்லும் அதே 192-ஏ பிரிவு, நோயாளியையோ காயம் அடைந்தவரையோ அவசரத்துக்கு ஏற்றிச் சென்றால் இந்தத் தண்டனை பொருந்தாது என்கிறது. நிவாரண உணவும் மருந்தும் கொண்டு செல்வதற்கும் அந்த விலக்கு உண்டு. ஒரே ஒரு நிபந்தனை: 7 நாளுக்குள் வட்டாரப் போக்குவரத்து ஆணையத்துக்கு விவரம் தெரிவிக்க வேண்டும். எந்த தேதி, எத்தனை மணி, எந்த இடத்தில் ஏற்றினோம், எந்த ஆஸ்பத்திரியில் இறக்கினோம் என்று எழுதி, நகலில் முத்திரை வாங்கி வண்டிக் காகிதங்களோடு வைத்துக்கொள்ள வேண்டும்.